மகாராணிக்கு நாள் பார்த்தது

இங்க ஆரும் வர்றாங்களா தம்பி? இல்லீல்ல? அப்பச் சித்த ஒதுங்கி உக்கோருங்க. ஜன்னலோரம் நீங்களே இருந்துக்குங்க, எனக்குக் காத்தடிச்சாக் காது அடைச்சுக்கும். இந்தப் பைய மட்டும் மடியில வெச்சுக்கறேன். கீழ வெக்க முடியாதுங்க, உள்ள காலண்டரு இருக்குது. சாமி படம் போட்டது, ஆராவது மிதிச்சுட்டாப் பாவம்.

ஈரோடுங்களா? நானும் ஈரோடுதான். பத்தரைக்கெல்லாம் போயிரும்னு கண்டக்டர் சொன்னாரு. பத்தரைன்னா ராகு காலம் பொறக்கற நேரம். வெள்ளிக்கெழம பத்தரைல இருந்து பன்னெண்டு வரைக்கும். அந்த நேரத்துல நான் ஊட்டுப் படியே தாண்ட மாட்டேன். இன்னிக்கு என்ன பண்றது, எம் பொண்டாட்டி பண்ணி வெச்ச வேலைக்கு ராகு காலத்துல போயி எறங்க வேண்டியிருக்குது.

ஆஸ்பத்திரிக்குத்தானுங்க. சம்பூர்ணத்துக்கு, அதான் எம் பொண்டாட்டிக்கு, பித்தப்பையில கல்லு. இன்னிக்குப் பதினொரு மணிக்கு ஆப்பரேசன்ங்கறாங்க. பதினொரு மணிக்கு! நட்ட நடு ராகு காலத்துல! நேத்து வெடியால என்ன பண்ணீருக்கறா தெரியுங்களா? ரெண்டு சேலைய மடிச்சுப் பையில வெச்சு, பன்னிகளுக்கெல்லாம் தீனி போட்டு, தண்ணித் தொட்டிய ரொப்பி உட்டுட்டு, ஏழு மணி பஸ்ஸுல ஏறிப் போயிட்டா. எங்கிட்ட ஒரு வார்த்த கெடையாது. காப்பி கேக்கலாம்னு நான் அடுப்படிக்குப் போனா அடுப்பு சில்லுனு கெடக்குது. மத்தியானமாப் போனு வருது. ‘அட்மிட் ஆயிட்டேன். நாளைக்குப் பதினொரு மணி. ஊட்டுக்காரரு கையெழுத்து வேணும்ங்கறாங்க, வந்து போட்டுருங்க.’ அவ்வளவுதான், வெச்சுட்டா.

போட மாட்டேன்னு சொல்லுல தம்பி. முப்பத்தி ரெண்டு வருசமாக் குடும்பம் நடத்தறேன், ஒரு கையெழுத்துப் போட மாட்டனா? போடுவேன். இன்னிக்குப் போட மாட்டேன், அவ்வளவுதான். வர்ற புதன்கெழம அருமையா இருக்குது. ஒம்பதேகால்ல இருந்து பத்தேகாலு வரைக்கும் நல்ல நேரம். டாக்டருகிட்டக் காலண்டரக் காட்டிப் பேசுனா ஒத்துக்குவாரு. படிச்சவங்களுக்குப் பக்குவமா எடுத்துச் சொன்னாப் புரியுமுங்க. அஞ்சே நாளு. அஞ்சு நாள்ல கல்லு என்ன மலையாவா ஆகப் போகுது?

வலி இருக்குதுதான், இல்லேங்குல. வந்துச்சுன்னாச் சுருண்டு படுத்துக்குவா. அரை மணி நேரம், சில நாளைக்கு ஒரு மணி நேரம். அப்பறம் எந்திரிச்சு மூஞ்சியக் கழுவீட்டு வேலையப் பாப்பா. வைகாசியிலயே ஸ்கேன் எடுத்தாச்சு. உடனே எடுத்தறோணும்னாங்க. வைகாசியில எப்படிங்க முடியும், எங்க பங்காளி ஊட்டுல ரெண்டு கல்யாணம். ஆனியில அவ நட்சத்திரத்துக்குச் சுத்தமா ஆகல. ஆடியப் பத்திக் கேக்கவே வேண்டாம். ஆவணி பொறந்ததும் பாத்தறலாம்னுதான் இருந்தேன், அதுக்குள்ள அவளுக்கு எம்மேல கோபம் வந்து பேச்சக் கொறைச்சுக்கிட்டா. பேசாத பொம்பளைக்கு எப்படிங்க நாள் பாக்கறது? அப்பிடியே தள்ளித் தள்ளிக் கார்த்திக வந்துருச்சு.

எதுக்குக் கோபம்னு கேளுங்க. ஒரு பன்னிக்காக.

சிரிக்காதீங்க தம்பி, நெசமாத்தான். நமக்குப் பன்னிப் பண்ணைங்க, முத்தூருக்குப் பக்கத்துல. பேரு நாச்சிமுத்து. பன்னிக்கார நாச்சிமுத்துன்னு கேட்டாச் சின்னப் பசங்ககூட வழி காட்டுவாங்க. மூக்கச் சுளிக்காதீங்க, சாக்கடையில பொரளற பன்னி இல்ல, வெள்ளப் பன்னி. பன்னி மாதிரி சுத்தமான சீவன் ஒலகத்துல கெடையாது. படுக்கறதுக்கு ஒரு மூலை, வெளிக்கிருக்கறதுக்கு ஒரு மூலைன்னு அதுகளே பிரிச்சு வெச்சுக்கும். எங்க மச்சான் ஊட்டுல மனுசங்களுக்கே அந்த ஒழுங்கு கெடையாது.

எல்லாத்துக்கும் நான் பேரு வெச்சிருக்கறேன். மகாராணி, குண்டுமல்லி, மிலிட்டரி, சீமாட்டின்னு. சம்பூர்ணம் பேரச் சொல்ல மாட்டா. காதுல மாட்டீருக்கற நம்பரத்தான் சொல்லுவா. ‘பதினாலு தீனி எடுக்கல. இருவத்தொண்ணு நொண்டுது, பாருங்க.’ என்னமோ ரேசன் கார்டுல இருந்து படிக்கற மாதிரி. பேரு வெக்கறதுக்கு மனசுல ஈரம் இருக்கோணுமுங்க. எனக்கு அது கொஞ்சம் அதிகமாவே இருக்குது, என்ன பண்றது. ஒரு எறும்பக்கூட நான் மிதிச்சதில்ல.

கறிக்குப் பன்னி ஏத்திட்டுப் போற கேரளா லாரி வர்ற அன்னிக்கு நான் பண்ணைப் பக்கமே போக மாட்டேன். வெள்ளகோயில் வரைக்கும் ஒரு வேலைன்னு கெளம்பீருவேன். அதுக லாரியப் பாக்கற பார்வைய என்னால தாங்க முடியாது. சம்பூர்ணந்தான் ஏத்தி உடுவா. குச்சிகூட எடுக்க மாட்டா. ஒரு பலகைய நெட்டுக்குப் புடிச்சுக்கிட்டுப் பின்னால மெதுவா நடப்பா, அதுகளும் பேசாம நடந்து போயி ஏறிக்கும். லாரிக்காரன் ஆச்சரியப்படுவான், உங்க பண்ணையில மட்டும் பன்னி கத்தறதே இல்லைங்களேன்னு. நான் வளத்தற முறை அப்பிடின்னு சொல்லுவேன்.

போன வருசம் ஒரு குட்டி. பொறந்த அன்னிக்கே தாய் அது மேல படுத்து முதுகு முறிஞ்சு போச்சு. பின்னங்காலு ரெண்டும் துணி மாதிரி தொங்குது. அதைய நான் அடுப்புக்குப் பக்கத்துல அட்டைப் பெட்டியில வெச்சுப் புட்டிப்பாலு குடுத்துப் பதினோரு நாளு காப்பாத்துனேன். பதினோரு நாளு! வேற ஆரா இருந்தாலும் அன்னிக்கே முடிச்சிருப்பாங்க. சம்பூர்ணம் அந்தப் பதினோரு நாளும் அடுப்படிப் பக்கம் வர்றப்பெல்லாம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. அவ்வளவு கல்நெஞ்சு.

அந்தக் குட்டி செத்த மாசந்தான் கால்நடை ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் பயிற்சி வெச்சாங்க. பன்னி வளக்கறவங்களுக்கு. ஜெசிந்தான்னு ஒரு மாட்டு டாக்டரம்மா, சின்ன வயசு, துறுதுறுன்னு இருக்கும். பண்ணைத் தரை எப்பிடி இருக்கோணும், எத்தன பன்னிக்கு எவ்வளவு எடம் உடோணும், பொழைக்காத பன்னிய வலியில்லாம எப்பிடி முடிச்சு உடறதுன்னு எல்லாஞ் சொல்லிக் குடுத்துச்சு. மத்தியானச் சாப்பாடு பிரமாதம் போங்க. அதனால ரெண்டு மணிக்கு மேல சொன்னது எனக்கு அவ்வளவா ஞாபகம் இல்ல. சம்பூர்ணமும் கூட வந்திருந்தா. பின்னால உக்காந்து நோட்டுல எழுதிக்கிட்டே இருந்தா. அதோட உட்டாளா? எந்திரிச்சு நின்னு கேள்வி வேற. ‘அது நெனவு தப்பிருச்சுன்னு எப்பிடிங்க தெரிஞ்சுக்கறது?’ எனக்கு ஒரே கூச்சமாப் போச்சு. டாக்டரம்மா சந்தோசமாப் பதில் சொல்லுது, கண்ணு முழிய லேசாத் தொட்டுப் பாருங்கக்கா, இமை அசையக் கூடாது, மூச்சு சீரா வரக் கூடாதுன்னு. அக்காவாம். அன்னிக்கே ஒறவு கொண்டாடிக்கிட்டாங்க.

ஒண்ணு மட்டும் எனக்கும் ஞாபகம் இருக்குது, அந்தம்மா பத்துத் தடவ சொன்னதால. எந்திரிக்க முடியாத பன்னி, இனி எந்திரிக்காதுன்னு தெரிஞ்சு போச்சுன்னா, அடுத்த நாளைக்குத் தள்ளாதீங்க. அன்னிக்கே முடிச்சு உடுங்க. பாவம் பாக்கறது வேற, பாத்துட்டே இருக்கறது வேறன்னு சொல்லுச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க, நானுந்தான் தட்டுனேன்.

கடைசியில சர்டிபிகேட்டு. பண்ணைக்கு ஒண்ணுதான்னாங்க. எம் பேருலதானுங்க வாங்கோணும், பண்ணை எம் பேருல இருக்குது. லாமினேசன் பண்ணி முன்னறையில மாட்டியிருக்கறேன். எங்க பக்கத்துப் பண்ணைக்காரங்க எல்லாஞ் சேந்து ஒரு கரண்டு இடுக்கியும் வாங்குனோம். ரெண்டு கைப்பிடி, நுனியில பல்லு மாதிரி ரெண்டு முனை. தலைக்கு ரெண்டு பக்கமும் வெச்சுச் சுச்ச அமுக்குனா, கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள நெனவு போயிரும். அப்பறம் நெஞ்சுல ஒருக்கா வெக்கோணும். அதுக்கு ஒண்ணுமே தெரியாது. சர்டிபிகேட்டு வெச்சிருக்கறவரு ஊட்டுல இருக்கட்டும்னு எங்க ஊட்டுலதான் வெச்சாங்க. வேணுங்கறவங்க வந்து எடுத்துட்டுப் போயித் திரும்பக் கொண்டாந்து குடுப்பாங்க. நான் அதையத் தொட்டதில்லீங்க. தொடைச்சு வெக்கறதெல்லாம் சம்பூர்ணந்தான்.

டிக்கெட் வாங்கீட்டீங்களா? செக்கிங் ஏறுவாங்க இந்த ரோட்டுல.

எங்க உட்டேன்? ஆங், மகாராணி. நாலு ஈத்து ஈன பன்னி. ஒவ்வொரு ஈத்துக்கும் பத்துப் பன்னெண்டுக்குக் கொறையாது. நான் கதவுகிட்டப் போனாப் போதும், மூக்கத் தூக்கி ஒரு சத்தம் குடுக்கும், வந்துட்டியாங்கற மாதிரி. ஆடி மாசம், ஒரு செவ்வாக்கெழம. தரையக் கழுவி உட்டிருந்துச்சு. அந்தத் தரை கொஞ்சம் வழுவழுன்னு இருக்குமுங்க. சம்பூர்ணம் ஒரு வருசமாச் சொல்லிக்கிட்டு இருந்தா, கொத்தனாரக் கூட்டிட்டு வந்து தரையக் கொத்தி உடுங்க, சொரசொரன்னு இருந்தாத்தான் அதுக காலூன்றி நிக்கும்னு. நானும் நாள் பாத்துட்டேதான் இருந்தேன். ஒண்ணும் தோதா அமையல. அப்பறம் ஆடி வந்துருச்சு. ஆடியில போயி வேலைய ஆரம்பிப்பாங்களா? ஆவணி பொறக்கட்டும்னேன்.

மகாராணி தீனிக்கு ஓடி வந்துச்சு. வந்த வேகத்துல பின்னங்காலு ரெண்டும் ரெண்டு பக்கமா விரிஞ்சு போச்சு. கீழ உக்காந்தது உக்காந்ததுதான். எந்திரிக்கப் பாக்குது, முன்னங்காலு ரெண்டையும் ஊனித் தரையப் பெராண்டுது, முடியல. அப்பக் கத்துச்சு பாருங்க.

டாக்டரம்மா உடனே வந்துச்சு. அமுக்கிப் பாத்துட்டு எந்திரிச்சு நின்னு, ‘இடுப்பு ஒடைஞ்சிருக்குதுங்க, இது ஒட்டாது, இப்பவே முடிச்சு உட்டறலாம், நானே இருந்து பண்ணட்டுங்களா?’ன்னு கேட்டுச்சு. எனக்குப் பொசுக்குனு ஆயிருச்சு. நம்ம மகாராணி, வேற ஒருத்தரு கையில போகோணுமா? ‘நீங்க போங்கம்மா, உங்களுக்கு ஆயிரம் சோலி இருக்கும், எங்கிட்ட சர்டிபிகேட்டு இருக்குதுல்ல, நான் பாத்துக்கறேன்’னு சொல்லி அனுப்பி வெச்சேன். அந்தம்மா போறப்பச் சம்பூர்ணத்தத் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போச்சு. நம்ம மேல நம்பிக்கை இல்லாத பார்வை. எனக்குச் சுருக்குன்னுச்சு.

செவ்வாக்கெழம பொழுதோட ஒரு உசுர எடுக்கலாமுங்களா, நீங்களே சொல்லுங்க. புதன்கெழம ஆடி அமாவாசை. அன்னிக்குத் தண்ணிகூடப் பாத்துக் குடிக்கற நாளு. வியாழக்கெழம எனக்குச் சந்திராஷ்டமம். நமக்கு மகர ராசிங்க, அன்னிக்குக் கரண்டு சாமானத் தொட்டா நானே போயிருவேன். வெடியால என்னயப் பாத்ததும் சம்பூர்ணம் கேப்பா, ‘இன்னிக்கா?’ன்னு. நான் காலண்டரப் பாத்து இன்னது இன்னதுன்னு வெளக்கமாச் சொல்லுவேன். பக்கெட்ட எடுத்துட்டுப் போயிருவா. அடுத்த நாளு வெடிஞ்சா மறுபடியும், ‘இன்னிக்கா?’

நான் கையக் கட்டிட்டு இருந்தேன்னு நெனைக்காதீங்க. சாக்கு எல்லாத்தையும் போட்டு மெத்தை மாதிரி பண்ணிக் குடுத்தேன். மஞ்சளரைச்சு இடுப்புல பத்துப் போட்டேன். எங்க ஊட்டுல இருந்த ஒரே டேபிள் பேனக் கொண்டு போயி அதுக்கு வெச்சேன். ஒரு சீப்பு பூவம்பழம் உரிச்சு உரிச்சு ஊட்டுனேன். மொத நாளு தின்னுச்சு. அப்பறம் திங்கல. பக்கத்துல உக்காந்து தலையத் தடவிக் குடுத்தேன், ‘பொறு தாயி, நல்ல நாள் வரட்டும், உனக்கு ஒரு கொறையும் இல்லாம அனுப்பி வெக்கறேன்’னு சொன்னேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு. மனுசனுக்கு மனசுன்னு ஒண்ணு இருந்தா வராதுங்களா?

ஆனா அந்தச் சத்தம் இருக்குது பாருங்க. பன்னி வலியில கத்தறத நீங்க கேட்டிருக்கறீங்களா? கேக்காதீங்க. எனக்குத் தூக்கமில்லாம ஆகாது, பிரசர் வேற இருக்குது. அதனால ரெண்டு வெள்ளாமக் காடு தள்ளி எங்க மச்சான் ஊட்டுல போயிப் படுத்துக்கிட்டேன். அங்க வரைக்கும் கேட்டுச்சு, அது வேற விசயம். சம்பூர்ணம் பண்ணையிலயே இருந்தா. பக்கெட்டுல தண்ணி வெச்சு அது வாய நனைச்சுக்கிட்டே இருந்தாளாம். மூணு நாளா ஒரு வாய் சோறு எறங்கல அவளுக்கு.

வியாழக்கெழம மத்தியானம் ஒண்ணு ஆச்சுங்க. இதைய ஆருகிட்டயும் சொன்னதில்ல. பண்ணைக்குப் போறேன், அங்க சம்பூர்ணத்துக்கு அந்தக் கல்லு வலி வந்திருக்குது. மகாராணிக்குப் போட்ட சாக்கு மேலயே, அதுக்குப் பக்கத்துலயே, வயித்தப் புடிச்சுட்டுச் சுருண்டு படுத்திருக்கறா. ரெண்டும் ஒரே மாதிரி முனகீட்டுக் கெடக்குது. ரெண்டும் தலையத் தூக்கி என்னயப் பாக்குது. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல தம்பி. அப்பிடியே திரும்பி மச்சான் ஊட்டுக்கே வந்துட்டேன்.

முறுக்கு வேணுங்களா? எனக்கும் வேண்டாம். போயிட்டு வாம்மா, ஒண்ணும் வேண்டாம்.

வெள்ளிக்கெழம. ஆடி வெள்ளி. ஆடி வெள்ளியில நம்ம பக்கம் கோழிகூட அறுக்க மாட்டாங்க. சனிக்கெழம எப்பிடின்னு கேட்டுட்டு வரலாம்னு நான் சிவகிரி ஜோசியருகிட்டப் போயிருந்தேன். அவரு சனிக்கெழம மத்தியானத்துக்கு மேல பண்ணலாம், தோசமில்லைன்னு சொல்லீட்டாரு. எனக்கு மனசே லேசாயிருச்சு. வண்டிய நிறுத்தி ஒரு டீ குடிச்சுட்டுச் சந்தோசமா வர்றேன்.

வந்து பாத்தாப் பண்ணையில சத்தமே இல்ல.

தரையெல்லாம் கழுவி உட்டிருக்குது. இடுக்கி தொடைச்சு ஆணியில தொங்குது. மகாராணி இல்ல, பின்னால குழி வெட்டி மூடிச் சுண்ணாம்பும் போட்டாச்சு. ஊட்டுக்குள்ள போறேன், சம்பூர்ணம் தலைக்குத் தண்ணி வாத்துட்டு உக்காந்து சோறு திங்கறா. மூணு நாளாத் திங்காதவ, கல்லு இருக்கற பித்தப்பைய வெச்சுக்கிட்டு, ரெண்டாவது தடவ போட்டுத் திங்கறா! ஒரு உசுர எடுத்துட்டு வந்த கையோட எப்பிடிங்க சோறு எறங்கும்?

‘ஆடி வெள்ளியும் அதுவுமா இப்பிடி ஒரு உசுர எடுத்திருக்கறயே, இந்தக் குடும்பம் வெளங்குமா?’ன்னு கேட்டேன். தட்டுல இருந்து தலையத் தூக்காமச் சொல்றா, ‘நான் எடுத்தது ரெண்டு நிமிசம். மூணு நாளா அந்த உசுர எடுத்துட்டு இருந்தது ஆரு?’

புரியாமப் பேசறா பாருங்க. நான் ஒரு வெரலாலகூடத் தொடலைங்கறேன்.

அப்பறந்தான் டாக்டரம்மா சொல்லித் தெரிஞ்சுது. இவ அந்தம்மாவுக்குப் போன் போட்டிருக்கறா. அது தாராபுரம் பக்கம் எங்கியோ மாட்டுக்குப் பிரசவம் பாத்துட்டு இருந்திருக்குது, வர முடியல. போனச் சத்தமா வெச்சு ஒரு ஓரமா வெச்சுட்டு, அந்தம்மா சொல்லச் சொல்ல இவ பண்ணீருக்கறா. நோட்டுல எழுதி வெச்சதையும் ஒருக்காப் படிச்சுக் காட்டுனாளாம். ‘அக்கா ஒவ்வொண்ணையும் எங்கிட்டச் சொல்லிச் சொல்லிப் பண்ணுனாங்க. ஆச்சு கண்ணு, ஆச்சு கண்ணுன்னு அதுகிட்டச் சொல்லிட்டே இருந்தாங்க. கண்ண ரெண்டு தடவ தொட்டுப் பாத்துட்டேன்னு சொன்னதுக்கப்பறந்தான் போன வெச்சாங்க’ன்னு டாக்டரம்மா சொல்லுச்சு. சொல்லிட்டு அதும் கண்ணத் தொடைச்சுக்குச்சு. அது டாக்டரு, அதுக்கென்ன, சும்மா சொல்லும். நம்பரச் சொல்லிக் கூப்படறவ கண்ணுன்னு கூப்புட்டாளாம், நான் நம்போணுமாம்.

அன்னில இருந்துதான் பேச்சுக் கொறைஞ்சு போச்சு. வலி வந்தாலும் எங்கிட்டச் சொல்றதில்ல. கதவச் சாத்திக்குவா. அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் எத்தனையோ நாளு காலண்டரோட நின்னிருக்கறேன், நாள் சொல்லலாம்னு. தெறந்தாத்தான சொல்றதுக்கு. இப்பத் திடீர்னு இவளே ஒரு வெள்ளிக்கெழமையப் புடிச்சு, இவளே ராகு காலத்தப் புடிச்சு, இவளே போயிப் படுத்துக்கிட்டு, கையெழுத்துக்கு மட்டும் நான் வேணுமாம்! நல்லா இருக்குதுங்களா நாயம்?

இருங்க, போனு. அவதான்.

ம், சொல்லு சம்பூர்ணம். வந்துட்டே இருக்கறேன்… லக்காபுரம். அட, இன்னிக்கு வேண்டாம், புதன்கெழம ஒம்பதேகாலு… சொல்றதக் கேளு… ஆரு? டாக்டரம்மாவா? அந்தம்மாவுக்கு அங்க என்ன வேல?… ம்… ம்… என்ன?… இல்ல, நான் அப்பிடி… ம்.

…

வெச்சுட்டா.

கையெழுத்துப் போட்டாச்சாமுங்க. அவளே போட்டுட்டாளாம். சொந்தக்காரங்க ஒருத்தரு போடோணும்னதுக்கு மாட்டு டாக்டரம்மா போட்டுருச்சாம். எட்டு மணிக்கே வந்து கூட உக்காந்திருக்குதாம். உறவுமுறை என்னன்னு கேட்டாங்களாம், தங்கச்சின்னு எழுதிக் குடுத்திருச்சாம். ஜெசிந்தா எங்க சம்பூர்ணத்துக்குத் தங்கச்சி! அதைய ஆஸ்பத்திரிக்காரனும் வாங்கி வெச்சுக்கிட்டான் பாருங்க.

‘நீங்க அவசரப்படாம வாங்க, கையெழுத்துக்குன்னு இனி வர வேண்டியதில்ல’ன்னா. சரின்னேன். அப்பறம் ஒண்ணு கேட்டா தம்பி.

‘மகாராணிக்கு நான் இருந்தேன். எனக்கு ஆரு இருக்கறா?’ன்னு கேட்டா.

அவ மகாராணின்னு பேரச் சொல்லி நான் கேட்டதே இல்லீங்க. அழுகுல, கோபமும் இல்ல. தவுடு தீந்து போச்சுன்னு சொல்ற மாதிரி சாதாரணமாத்தான் கேட்டா. நான் இருக்கறேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்றதுக்குள்ள அவ வெச்சுட்டா.

இல்லீங்க. பொய் சொல்றேன். வெக்குல. சித்த நேரம் காத்துட்டுத்தான் இருந்தா. மூச்சு உடறது கேட்டுச்சு எனக்கு. நாந்தான் சொல்லுல.

மணி என்னங்க இப்ப? பத்து நாப்பதா? பதினொண்ணுக்கு உள்ள கூட்டிட்டுப் போயிருவாங்க. பஸ்ஸு எதுக்கு நிக்குது? கண்டக்டரே! ஏனுங்க கண்டக்டரே, எடுக்கச் சொல்லுங்க வண்டிய! ரயில்வே கேட்டு மூடியிருக்குதா? எந்நேரம் ஆகும்? இங்கிருந்து ஆஸ்பத்திரி ரோட்டுக்கு ஆட்டோ கெடைக்குமுங்களா தம்பி? கேட்டுக்கு அந்தப் பக்கமாவா? சரி, காலச் சித்த ஒதுக்குங்க, நான் எறங்கிக்கறேன்.

ராகு காலந்தான். எனக்குத் தெரியாதுங்களா? இருந்துட்டுப் போகட்டும். அவங்க கதவச் சாத்தறதுக்குள்ள நான் போயி அவ மூஞ்சிக்கு நேரா நின்னு சொல்லியாகோணும். இன்னிக்கு உட்டா இன்னொரு நாளு பாத்துட்டு இருப்பேன். எனக்கு என்னயத் தெரியுமுங்க.